தகரம் சொட்டிய நாள்

மாசி மாதத்தில் எங்கள் தீவில் எதையும் நம்பிக் காயப்போட முடியாமல் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காலையில் பனி. ஒன்பது மணிக்கு முதுகுத்தோலை உரிக்கும் வெயில். பின்னேரம் தென்கிழக்கில் ஒரு கருமுகில் எழும்பி, ஊரையே உடுப்புக் கொடிகளுக்கு ஓடவைத்துவிட்டு, ஒரு துளியும் விடாமல் கடலுக்கு மேலால் போய்விடும். சில நாட்களில் பத்து நிமிடம் தூறும். அப்படிப்பட்ட ஒரு தூறலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது தூறி ஒரு வருடமாகிறது.

வேலணையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளி ஒரு தோட்டக் காணி இருக்கிறது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். காணி பற்றை பிடிக்கக்கூடாது என்று ஐந்து வீட்டாருக்குத் துண்டு துண்டாகச் செய்யக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று எங்களுடையது. ஐந்து துண்டுக்கும் ஒரே கிணறு. தீவுக் கிணறுகளில் மேலே நிற்பதுதான் நல்ல தண்ணீர். அதன் கீழே உவர். மிசின் போட்டு இரண்டு மணி நேரம் இறைக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் உவர் மேலே வந்துவிடும். பிறகு கிணறு தேறி வர ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வீடு; ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நாளைக்கு ஒரு முறை.

முறை நாளில் மழை பெய்தால் என்ன செய்வது என்பது முன்பு ஒரு கேள்வியே இல்லை. கார்த்திகை மார்கழி மழை பெய்துவிட்டுப் போகும். தையில் நட்ட வெங்காயத்தைப் பிடுங்கும்வரை வானம் வாய் திறக்காது. மாசியில் துளித்துளியாய் விழத் தொடங்கிய பிறகுதான் சண்டை வந்தது. நேற்றுப் பெய்தது மழையே இல்லை, ஆகவே இன்றைக்கு நான் இறைப்பேன் என்று ஒரு வீடு. மழைதான், இன்றைக்கு என் முறை என்று அடுத்த வீடு. ஒருதடவை மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குப் போனது. படித்தவள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். மிசின் கொட்டிலின் தகரக் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது மழை. அன்றைய முறைக்காரருக்கு அந்த மழையே முறை. அவர் இறைக்கக்கூடாது, அவருடைய நாள் தள்ளிப்போகவும் மாட்டாது. தகரம் சொட்டாவிட்டால் அது மழையில்லை. ஐந்து வீடும் கையெழுத்து வைத்தது.

"ரீச்சர் ஒரு வசனத்திலை எங்கட வாயை அடைச்சுப்போட்டா" என்று சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரே மகள். அவளுடைய தகப்பன் இறந்து ஏழு வருடம். விவசாயம் படித்து டிப்ளோமா எடுத்துக்கொண்டு வந்தவள், வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே ஒரு கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன், அனுப்பிவிடு என்று கிழமைக்கு இரண்டு தடவை போன் எடுப்பான். அவள் போக மாட்டேன் என்றாள். தோட்டம் செய்யப்போகிறேன் என்றாள்.

எனக்கு அவள் போகவேண்டும். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. நான்கில்தான் விளக்கு எரிகிறது. அவள் வயதுப் பிள்ளை ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு ஏதும் நடந்தால் அவள் இந்த உவர் மண்ணில் தனியாக நிற்பாள் என்ற எண்ணம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் "போ" என்று வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. நாளைக்கு அங்கே ஒரு கெடுதல் நடந்தால் நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

கடைசியில் தையில் அவளே ஒரு தவணை வைத்தாள்.

"இந்த ஒரு போகம் அம்மா. வெங்காயம் சரியா வந்தா நான் இஞ்சதான். பிழைச்சா மாமா சொன்னபடி போறன்."

"பிறகு கதை மாத்தக்கூடாது" என்றேன்.

"நீங்களும் மாத்தக்கூடாது."

அவள் செய்தது விளையாட்டுத் தோட்டமல்ல. விடிய எழும்பி, பழைய சேலை ஒன்றை நீளமாகப் பிடித்துப் பாத்திகளுக்கு மேலால் இழுத்து, வெங்காயத் தாளில் நிற்கும் பனியை உதறுவாள். வெயில் ஏறமுதல் பனி போகாவிட்டால் நுனி கருகும். சேலையின் மற்றத் தலைப்பைப் பிடித்தது நான்தான். மாசி பிறந்தபோது மற்ற நான்கு துண்டையும்விட எங்களுடையது கரும்பச்சையாக நின்றது. போகிற வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். நான் பயந்துபோனேன்.

எங்கள் முறை நாள் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே மூடிக்கொண்டு நின்றது. அவள் கடைசிப் பாத்தியடியில் வாய்க்காலைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டிலடியில் நின்றேன். அப்போது தூறியது. பத்து நிமிடம் இருக்கும். விட்டதும் வெயில் அடித்தது. அவள் வந்து மிசினில் கை வைக்கவும், நாளைய முறைக்காரர் படலையைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பகிடி இல்லாமல் ஒரு வசனம் பேசத் தெரியாது.

"என்ன பிள்ளை, மழைக்கை மிசினைத் தட்டுறாய்? வெங்காயத்துக்கு நீச்சல் பழக்கப்போறியோ?"

"எந்த மழை ஐயா?"

"எந்த மழையோ? உன்ர தலை நனைஞ்சிருக்கு."

"அது பனி."

"பத்து மணிக்குப் பனியோ! ரீச்சர், உப்பிடியே நீங்கள் வகுப்பிலை படிப்பிக்கிறனீங்கள்?"

"ஐயா, நகத்தாலை கீறிப் பாருங்கோ. கீழை புழுதி."

"நகத்தைப் பற்றிக் கொப்பியிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. அதிலை இருக்கிறது தகரம். ரீச்சர் கொட்டிலடியிலைதானே நிண்டவ. கேப்பம். சொல்லுங்கோ ரீச்சர், தகரம் சொட்டினதோ?"

தகரம் சொட்டியிருந்தது. மூன்று துளி. ஒன்று என் புறங்கையில் விழுந்தது; மற்ற இரண்டும் மண்ணில் விழுந்து இரண்டு சிறு குழி போட்டன. அவள் தூரத்தில் நின்றதால் கண்டிருக்க மாட்டாள். என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓம் அண்ணை. சொட்டினது."

அவள் மிசின் குழாயைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் வைத்தாள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் தந்தாள்.

இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். அன்று சொன்னதிலும் பொய் ஓர் எழுத்தும் இல்லை. நான் எழுதிய விதி, என் கண்ணால் கண்ட துளி. என் பிள்ளை என்று பாராமல் சொன்னேன் என்று ஊரில் மதிப்பாகவும் பேசினார்கள். ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து போனபோது என் நெஞ்சு இளகி ஆறியதே, அதை நான் மட்டும்தான் அறிவேன். வேறு யாருடைய துண்டு என்றாலும், "அது என்ன மழை, விடுங்கோ" என்று சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன்.

முந்தின முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் ஐந்து நாள் பத்து நாளாயிற்று. வெங்காயம் திரளுகிற நேரம்; எங்கள் மணல் மண் பத்து நாள் தாங்காது. அதற்கென்றே வந்ததுபோல அடுத்த நாளிலிருந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளித்தது. வெயிலோடு உப்புக் காற்றும் அடித்தது. பாத்திகள் வெளிறின. யாரிடமும் அரை முறை கேள் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கொப்பியில் அம்மாவின் கையெழுத்து இருக்கும்போது அவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்?

கடைசியாக இறைத்ததிலிருந்து எட்டாம் நாள் மத்தியானம் தென்கிழக்கு கறுத்தது. போனிலும் பின்னேரம் மழை என்றுதான் காட்டியது. எங்கள் வீட்டுக் கிணறு சுத்த உவர், குளிக்கத்தான் உதவும். ஆனால் தீவில் தோட்டக்காரர் சிலசமயம் ஒரு துணிச்சல் செய்வார்கள். மழை நிச்சயம் என்று தெரிந்தால், வாடிக் கிடக்கும் பயிருக்கு உவர்த் தண்ணீரையே விடுவார்கள். பயிர் உயிர் பிடிக்கும். பின்னாலே வருகிற மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். மழை வந்தால்.

"விடட்டோ அம்மா?" என்று கேட்டாள். முகிலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீதானே படிச்சனீ" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என் கலியாணத்துக்குப் பிறகு இந்த மண்ணில் மூன்று தடவை இந்தத் துணிச்சல் பிழைத்துப்போய்ப் பயிர் கருகியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அவளோடு சேர்ந்து குழாயை வேலிக்கு மேலால் இழுத்துப் போட்டேன். நாலு மணி வரை இரண்டு பேரும் நின்று கடைசிப் பாத்திக்கும் விட்டோம். வெங்காயத் தாள் நிமிர்ந்தது. அவள் முகமும்.

ஐந்து மணிக்கு என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் நயினாதீவிலிருந்து போன் எடுத்தார். அங்கே இறங்குதுறையில் ஒதுங்க இடமில்லாமல் கொட்டுகிறதாம், உங்களுக்கும் நல்ல மழையோ என்று கேட்டார். எங்கள் முற்றத்தில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது.

மகள் சிரித்தாள். "நயினாதீவுக் கோயில் அம்மாளாச்சிக்கு முறை நாள் போலை. தகரம் சொட்டியிருக்கும்" என்றாள்.

அடுத்த மூன்று நாளும் வெயில். இரண்டாம் நாளே பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. தாள்கள் வைக்கோல் நிறமாகிச் சரிந்தன. பத்தாம் நாள் எங்கள் முறை வந்தது; அவள் இறைத்தாள்தான், ஆனால் அது இறந்தவரின் வாயில் ஊற்றிய பால் போலாயிற்று. பன்னிரண்டாம் நாள் பகல் முழுக்க மழை கொட்டியது. விதிப்படி அது வேறு ஒருவருடைய முறை.

இரண்டு பேரும் பிடுங்கினோம். கொட்டைப்பாக்கு அளவுகூடத் திரளாத வெங்காயம். பக்கத்துத் துண்டிலிருந்து பஸ்காரர் வந்து வரம்பில் நின்றார். நெடுநேரம் பகிடி ஒன்றும் விடவில்லை. அவள் கடகத்தோடு அந்தப் பக்கம் போனபிறகு மெல்லச் சொன்னார்:

"ரீச்சர், அண்டைக்கு நான் பகிடிக்கல்லோ கேட்டனான். நீங்கள் இல்லை எண்டு சொல்லியிருந்தா நான் பேசாமல் போயிருப்பன். பிள்ளை இறைச்சிருக்கும்."

அவர் கண்ணில் என்னைப் பற்றிய மரியாதை அப்படியே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரமே அவள் மாமாவுக்குப் போன் எடுத்தாள். "ஓம் மாமா, வாறன்" என்றாள். இரண்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த சொல். அந்த நேரம் போனைப் பறித்து, பொறு, இன்னும் ஒரு போகம் பார்ப்போம் என்று சொல்ல என் கை எழும்பியது. அரிசி களையப் போய்விட்டேன்.

ஆவணியில் போனாள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் கையைப் பார்த்தேன். ஓயாமல் கழுவிக் கழுவி விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. அதைக் கண்ட பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அன்று தகரம் சொட்டியதை ஏன் சொன்னேன் என்று சொன்னேன். குழாயை ஏன் இழுத்துத் தந்தேன் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லி முடியும்வரை கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"எனக்கு அண்டைக்கே தெரியும் அம்மா. உங்கட முகத்தைப் பாத்தனான்."

"பின்னை ஏன் பேசாமல் இருந்தனீ?"

"நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? போ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போயிருப்பன். அழுதுபோட்டுப் போயிருப்பன். அவ்வளவுதான்."

"இப்ப வாவன் பிள்ளை. திரும்பி வா."

"ஏலாது அம்மா. இப்ப எனக்கு அங்கை வர விருப்பமில்லை."

வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல நிதானமாகச் சொன்னாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் மூன்று மணிக்குப் போன் எடுக்கிறவள். இப்போது ஐந்தரை.