பாசியும் பாதியும்

கிண்ணியாவில் ஸஹ்ராவின் வீட்டுக்கு வழி கேட்டால், முன்பெல்லாம் ஆட்டோ ஓட்டும் அவளுடைய கணவன் முனீபின் பெயரைத்தான் சொல்வார்கள். இப்போது "றெக்கோடிங் ஸஹ்ரா வீடு" என்றால் போதும்.

திருகோணமலை நகரத்திலுள்ள ஒரு பெண்கள் அமைப்பு, கிண்ணியாக் கடலில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களின் பேச்சைப் பதிவு செய்திருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கும் வேலையை ஸஹ்ராவும் ஈச்சிலம்பற்றிலிருக்கும் புஸ்பராணியும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

தொடக்கத்திலேயே வேலை சிக்கிக்கொண்டது. ஒரு மணித்தியாலப் பேச்சு ஒரு முழுப் படத்தின் அளவுக்குக் கனமாக இருந்தது. புஸ்பராணியின் வீட்டில் சிக்னல் நிற்காது. பதிவு இறங்குகிற வழியிலேயே அறுந்துவிடும். அமைப்பின் பொறுப்பாளர் நிவேதிகா, எல்லாவற்றையும் கொழும்பில் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று யோசித்தாள். கிண்ணியாப் பேச்சு அங்கே யாருக்கு விளங்கும் என்று ஸஹ்ராவுக்குப் பட்டது. பதிவுகளைச் சுருக்கி அனுப்பத் தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். அதுவரை அவள் அப்படி ஒன்றைச் செய்ததே இல்லை.

வீடியோ பார்த்துப் படித்தாள். இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, பதிவுகளை எவ்வளவு சிறிதாக்கலாமோ அவ்வளவு சிறிதாக்கினாள். ஈச்சிலம்பற்றுக்கு அவை மளமளவென்று போய்ச் சேர்ந்தன. எல்லாருக்கும் சந்தோசம்.

சில நாளில் புஸ்பராணி போன் எடுத்தாள்.

"தங்கச்சி, சித்தி பரீதா எண்டு பேருள்ள ஒரு அம்மா 'பாதி போனாப் பிறகு மட்டியும் போச்சு' எண்டு சொல்றா. எது பாதி போனது? எனக்குச் சரியாப் படேல்ல."

ஸஹ்ரா மூலப் பதிவைத் திறந்து கேட்டாள். காற்றிரைச்சலுக்குள் சித்தி பரீதாவின் குரல் தெளிவாகவே இருந்தது: "பாசி போனாப் பிறகு." கடலடியில் பாசி அழிந்த இடத்தில் மட்டி தங்குவதில்லை. அந்த அம்மா சொல்ல வந்ததே அதுதான். அளவுக்கு மிஞ்சிச் சுருக்கியதில் மெல்லிய ஓசைகள் கரைந்து, 'சி' 'தி'யாகக் கேட்டிருந்தது.

அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டதால், அந்தச் சொல்லை மட்டும் திருத்தினால் போதும் என்றாள் நிவேதிகா.

"இது அக்கா சந்தேகப்பட்டதால பிடிபட்டது, மிஸ்," என்றாள் ஸஹ்ரா. "சந்தேகம் வராத பிழையள எப்படிப் பிடிக்கிறது? எல்லாத்தையும் திரும்பச் செய்றன்."

கேட்கக் கடினமான சித்தி பரீதாவின் குரலையே சோதனைக்கு எடுத்தாள். பதிவின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒரே குரல்தான் இருந்தது; இரண்டையும் ஒன்றாக்கியபோது எதுவும் கெடாமலே பாரம் பெரிதும் குறைந்தது. பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினாள். 'சி' மங்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தி, ஒரு படி மேலே வந்தாள். நீளமான பதிவுகளைத் துண்டு துண்டாக்கினாள். அறுந்தாலும் அந்தத் துண்டை மட்டும் திரும்ப இறக்கலாம். மூலப் பதிவுகளில் கை வைக்கவில்லை. புஸ்பராணியும் முகம் சுளிக்காமல், அடித்து முடித்தவற்றைப் புதிதாகக் கேட்டுத் திருத்தினாள். இன்னும் சில பிழைகள் அகப்பட்டன. ஒரு பெண்ணின் பெயரே மாறியிருந்தது.

கிண்ணியாவில் நடந்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தார்கள். தன்னுடைய பகுதி வந்ததும் சித்தி பரீதா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஓம், இது நான் கதைச்சதுதான்," என்றாள். "ஒரு சொல்லும் மாறல்ல."

வந்திருந்த அதிகாரிகள் பாசி அழிந்த இடங்களை அவளிடமே கேட்டார்கள். அவள் எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஸஹ்ரா, புஸ்பராணி இருவரின் பெயர்களும் இருந்தன. முனீப் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தான்.

கூட்டத்துக்குப் பஸ்ஸேறி வந்திருந்த புஸ்பராணியை ஸஹ்ரா குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அடுத்ததாக ஈச்சிலம்பற்று விவசாயிகளைப் பதிவு செய்யப் போவதாக நிவேதிகா இருவரிடமும் சொன்னாள்.

"அப்ப இனி விளங்காத சொல்லுக்கெல்லாம் நான்தான் உங்களுக்குப் போன் எடுக்கவேணும், அக்கா," என்றாள் ஸஹ்ரா.

"எடுங்கோ," என்றாள் புஸ்பராணி. "வயல் கதை முழுக்க எனக்குத் தெரியும்."