பிணம் அழக்கூடாது

போன வாரம் நான் செத்துப்போனேன். பயப்படாதீர்கள்... சினிமாவில்தான்.

திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவன் நான். திண்டுக்கல் தெருக்களில் ஆட்டோவில் மைக் பிடித்து பிரியாணிக் கடைக்கு விளம்பரம் சொல்கிறவனும் நானே. எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு இந்தத் தொண்டைதான் சொத்து. அவனுக்கு சினிமாவில் கிடைத்த முதல் வேஷம் என்ன தெரியுமா? பிணம். வாயே திறக்கக்கூடாது.

நிலக்கோட்டை பக்கம் ஷூட்டிங். சுற்றி உட்கார்ந்து அழ, உள்ளூர்ப் பெண்களையே கூட்டி வந்திருந்தார்கள். மாலையோடு படுத்தபடி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறேன் — தலைமாட்டில் என் அத்தை. அப்பாவின் தங்கை. பூ வியாபாரம்.

"ஏலே, நீதான் பொணமா? படுத்தே சம்பாதிக்கிற. குடுத்து வச்சவன்டா."

"சும்மா இரு அத்தை. அழுகுற வேலையப் பாரு."

செத்தவனுக்குத் தாய் அழுகிற சீன். "மகனேன்னு கதறுங்கம்மா" என்றார் டைரக்டர். அத்தை மசியவில்லை.

"அதெப்பிடிங்க? எம்மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவன வச்சுக்கிட்டு மகனேன்னு அழுவாகளா?"

"நடிப்புதானம்மா."

"நடிப்புன்னாலும் வாயி எவ்வாயிதான? வேணும்னா அண்ணேன்னு அழுறேன். எங்கண்ணன் தையிலதான் போனாரு."

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு இழவுக்குப் போனாலும், பெண்கள் அழுவது அவரவர் வீட்டுச் சாவுக்குத்தான். டைரக்டருக்கு அது தெரியுமா? வெயில் இறங்குகிறதே என்பது அவர் கவலை. தாயைத் தங்கச்சியாக்கிவிட்டார்.

"அண்ணே... வெடியக்காலம் பூ மூட்டைய பஸ்ஸுல ஏத்திவிட்டு, டீ குடிச்சியா தாயின்னு கேப்பியே... இனி யாருண்ணே கேப்பா?"

அந்த அண்ணன்தான் என் அப்பா. அவர் போன அன்றைக்கு நான் அழவே இல்லை. பந்தல், பாடை, வந்தவர்களுக்குக் காப்பி என்று ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது, மூடின கண்ணிலிருந்து வழிகிறது.

"கட். யோவ், பொணம் அழுவுதுய்யா."

அடுத்த டேக்கிலும் அதேதான்.

"இன்னொரு தடவ அழுதா லைட்மேனப் படுக்கப் போட்டுருவேன்" என்றார் டைரக்டர். முதல் வேஷம்... கண்ணீரோடு போய்விடுமோ?

அத்தை, மாலையைச் சரிசெய்வதுபோல் காதோரம் குனிந்தார். "அழுவாத அப்பு. உனக்கும் சேத்து நான் அழுறேன்."

மறுபடியும் டேக். அத்தை ஆரம்பித்ததும் நான் மனசுக்குள் விளம்பரத்தை ஓட்டினேன். சீரகச் சம்பா... வெள்ளாட்டுக் கறி... குடும்பத்தோடு வாங்க... எப்படியோ கண் காய்ந்தே கிடந்தது.

"கட். ஓகே."

லைட்டை அணைத்தார்கள். மற்ற பெண்கள் சாப்பிடப் போனார்கள். அத்தை மட்டும் நிறுத்தவில்லை. பூ, பஸ், டீ என்று போய்க்கொண்டே இருந்தது. நான் எழுந்துவிட்டால் அந்த அழுகை பாதியில் அறுந்துவிடாதா? அப்படியே கிடந்தேன்.

கடைசியில் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "எந்திரிடா, சோறு தீந்துரும்" என்றார்.

டைரக்டர் வந்து தோளைத் தட்டினார். "கட் சொல்லியும் அசையலையேப்பா. நல்ல ஆர்ட்டிஸ்ட்யா நீ."

அவர் நகர்ந்ததும் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெடையாக் கெடந்ததுக்கு இம்புட்டுப் பாராட்டா? உங்கப்பா இருந்தா பஸ் ஸ்டாண்டு பூராம் சொல்லியிருப்பாரு."

சொல்லியிருப்பார். என்ன வேஷம் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.