தொட்டிக்குள் விட்ட கெண்டைக் குஞ்சு

எங்கள் வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது நான் நாலாம் வகுப்பு படித்தபோது. அப்பா அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆசைப்பட்டு எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர். அலங்காநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, உடம்பு சரியில்லாமல் திருநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு மாதமாகியும் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். மில் ஆபீசில் அப்பாவுடன் வேலை பார்த்த யாரோ, வீட்டில் மீன் வளர்த்தால் மனசு மாறும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரிக்‌ஷாவில் தொட்டி வந்து இறங்கிவிட்டது.

'உடம்பு சரியில்லை' என்பது எனக்குச் சொல்லப்பட்ட காரணம். எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது என்பதும், அப்படி ஆனது அது இரண்டாவது தடவை என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நானே கல்யாணமாகிப் போயிருந்தேன்.

இரும்புச் சட்டத்தில் மக்குப் பசை வைத்து ஒட்டிய கண்ணாடித் தொட்டி. முதல் நாள் முழுக்க ஒழுகியது. அம்மா பழைய சேலைகளைக் கீழே விரித்துப் போட்டுக்கொண்டு, மனசு மாறுவதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். ஒழுகுவது நின்ற பிறகு அத்தை எழுந்து வந்தாள். உள்ளே கிடந்த மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த மண்ணையா போட்டுக் குடுத்தாக? கழுவவே இல்லையேண்ணே."

மணலை அள்ளி வாளியில் போட்டு, கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஏழெட்டுத் தண்ணீர் விட்டு அலசினாள். இரண்டு மாதத்தில் அவளாக எழுந்து செய்த முதல் வேலை அதுதான். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மாவும் அன்றிலிருந்து தொட்டியைக் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அத்தைக்குத் தொட்டிதான் உலகம். வேலம்பாசி நட்டாள். நாடா போல நீளமாக வளரும் ஒரு செடியை வரிசையாக ஊன்றினாள். அது வேர் பிடித்து, பக்கத்தில் குட்டி போட்டு, இரண்டு மாதத்தில் தொட்டியின் பின்பக்கம் பசேலென்று காடாகிவிட்டது. அதற்குள் தங்கமீன்கள், கருப்பு மாலி, ஏஞ்சல் என்று பதினான்கு மீன்கள். புது மீன் எது வாங்கினாலும் பத்து நாள் அகல வாய் பாட்டிலில் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவாள். சீக்கு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம்.

எனக்குத் தொட்டியின் மேல் பொறாமை என்றால் நம்ப மாட்டீர்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலத்தில்கூட அத்தை எனக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்து தலை பின்னி விடுவாள். இப்போது பின்னல் பாதியிலேயே நிற்கும். "இருத்தா, அந்தச் சின்னது இரை எடுக்கலபோல" என்று எழுந்து போய்விடுவாள். அந்தத் தொட்டிக்குள் எனக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐப்பசி மழையில் திருப்பரங்குன்றம் கண்மாய் நிறைந்திருந்தது. அந்தப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டுப் போனோம். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது நான்தான். விரல் நீளத்துக்கு ஒரு கெண்டைக் குஞ்சு கிடைத்தது. வெள்ளிக் காசு போல மினுக்கியது. டிபன் டப்பாவில் தண்ணீர் மொண்டு அதில் விட்டு எடுத்து வந்தேன்.

பாட்டிலில் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். எங்கே பிடித்தாய் என்று கேள்வி வரும். அத்தை குளிக்கப் போயிருந்தாள். டப்பாவைத் தொட்டிக்குள் கவிழ்த்தேன். கெண்டை ஒரே பாய்ச்சலில் செடிகளுக்குள் போய் மறைந்தது. அதன் பிறகு என் கண்ணுக்கே அது தட்டுப்படவில்லை.

ஒன்பது, பத்து நாள் போயிருக்கும். பெரிய தங்கமீன் கல்லின் மேல் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அத்தை அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வாலில் ரவை ஒட்டினது போல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் மாலிக்கும் இருந்தது. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை.

அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாப்பா, தொட்டியில எதையாச்சும் போட்டியா? பிஸ்கட்டு, சோப்புக் கை... எதுன்னாலும் சொல்லு. அடிக்க மாட்டேன்."

"இல்லத்த."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நம்பினாள். அதற்குமேல் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை நோய்ப்பட்ட மீன் ஒன்றைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினோம். வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்த அத்தை, அந்த மீனுக்காகக் கூட்டத்தில் நின்றபடியே வந்தாள். ஆட்கள் இடிக்காமல் பாட்டிலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வளர்ப்பு மீன் கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வெள்ளப்புள்ளிச் சீக்கு மாதிரித்தான் தெரியுது. புதுசா மீனு ஏதும் விட்டீகளா தங்கச்சி?"

"ரெண்டு மாசமா ஒண்ணும் விடலண்ணே."

"ஆத்துலருந்து, கொளத்துலருந்து ஏதாச்சும்?"

"அதெல்லாம் கெடையாது."

அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எதிர்ச் சுவரில் இருந்த தொட்டியில் எத்தனை மீன் என்று எண்ணத் தொடங்கினேன்.

"அப்ப அது இல்ல. வெளியருந்து ஒட்டிக்கிட்டு வந்தாத்தான் அது வரும். இது மழைக் குளிரு, அழுக்குத் தண்ணி. செடியப் புடுங்காதீக. தண்ணிய மட்டும் முக்காவாசி இறைச்சுப்புட்டு கெணத்துத் தண்ணி விடுங்க, சரியாப் போகும்."

அத்தை அப்படியே செய்தாள். ரப்பர் குழாயை வைத்துத் தண்ணீரை உறிஞ்சி இறக்கி, வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். சில்லென்ற அந்தத் தண்ணீரில் மீன்கள் மேலும் ஒடுங்கின. அடுத்த மூன்று நாளில் ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. ஒவ்வொன்றையும் வாழையடியில் புதைத்தாள். ஆறாவதாகப் பெரிய தங்கமீன் போனபோது, தொட்டிமேல் கையை ஊன்றியபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கடைக்கார அண்ணன் என்ன வேணாச் சொல்லட்டும். நாந்தேன் தெனமும் பாக்குறேன்ல. புள்ளி உதுருது, மறுபடி ரெண்டு மடங்கா வருது. இது வெள்ளப்புள்ளியேதான். நீல மருந்து வாங்கிட்டு வாங்கண்ணே."

எப்படி வந்தது என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. மருந்து பட்டால் செடி கருகிவிடும் என்பதால், தான் ஊன்றி வளர்த்த காட்டை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வா."

போனேன். செடிகளுக்கு நடுவில் கெண்டைக் குஞ்சு. முன்னைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. செதிலில் ஒன்றிரண்டு புள்ளிகள் தவிர அதற்கு ஒரு கேடும் இல்லை.

"யாரு கொண்டாந்தது?"

நான் தரையைப் பார்த்தேன். அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அவள் கேட்டது வேறு.

"நீச்சல் தெரியாதேடி ஒனக்கு. கம்மாய்க்குள்ள எறங்குனியா? எம்புட்டுத் தண்ணி கெடந்துச்சு?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, செத்த மீன்களுக்காக இல்லை.

"அம்மாட்ட சொல்லிறாத அத்த."

"சொல்லல."

"அப்பாட்டயும்."

"யாருட்டயும் சொல்லல, போ."

தொட்டி நீலமாயிற்று. ஒரு கைப்பிடி உப்பு, சூட்டுக்குத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்ட அறுபது வாட்ஸ் பல்பு. பல்பை அணைக்காமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அப்படியும் கடைசியில் பிழைத்தது இரண்டு மாலியும் ஒரு ஏஞ்சலும். கண்டுபிடித்ததில் அவள் தவறவில்லை, மருந்திலும் தவறவில்லை. ஒரு வாரம் பிந்திப்போனது. அந்த ஒரு வாரம் என்னால் போனது.

கார்த்திகை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூரிலிருந்து மாமாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அத்தை தேறிவிட்டாள், மீனும் செடியுமாகத் தொட்டியே நிறைந்திருக்கிறது, வந்து அழைத்துப் போங்கள் என்று ஐப்பசி தொடக்கத்திலேயே அப்பா கடிதம் போட்டிருந்தார். அத்தை அன்று கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

மாமாவின் அம்மா வந்ததும் நேரே தொட்டிக்குத்தான் போனார். செடி இல்லாத நீலத் தண்ணீருக்குள் மூன்று மீன்கள் மூலையில் ஒடுங்கி நின்றன.

"என்னத்தா, தொட்டி நெறைய மீனுன்னு ஒங்க அண்ணன் எழுதியிருந்தாரு?"

"சீக்கு வந்து செத்துப்போச்சுங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. கோபம்கூட இல்லை. இவ்வளவு நாளும் சந்தேகமாக இருந்தது ஒன்று இன்று உறுதியாகிவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

"மீனுகூடத் தங்க மாட்டேங்குது இவ கையில."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா கையிலிருந்த பேப்பரைப் பிரித்தார். அத்தை ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் பாவாடை நாடாவை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றாள் அத்தை.

அடுக்களைக்குள் ஓடினேன். செம்பில் தண்ணீர் மொள்ளும்போது எனக்கு இருந்தது நிம்மதி மட்டும்தான். அத்தை சொன்ன சொல் தவறவில்லை.

அன்று அவர்கள் அத்தையை அழைத்துக்கொண்டு போகவில்லை. தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்தது, சித்திரையும் போனது. அடுத்த வருடம் மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அந்த மீன்களால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். வரும்போதே முடிவோடு வந்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது முதல் பிரசவம் பார்த்தது வரை அவள்தான். சாகும்வரை யாரிடமும் அந்தக் கெண்டையைப் பற்றிச் சொல்லவில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, அத்தை கட்டிய சேலையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் சத்தமாக அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அம்மாவும் அப்பாவும் கிட்டே வராமல் தள்ளி நின்றார்கள். எனக்கு மட்டும் அவளைத் தேற்றத் தெரியும் என்று தோன்றியது. போய்த் தோளைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

"செத்தது செத்துப்போச்சு, விடு அத்த. வேற வாங்கிக்கிரலாம்."