ஒஸ்லோவில் சனிக்கு நேரே நின்றவர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கியபோது வெளியே மைனஸ் ஏழு என்று பலகை காட்டியது. பிப்ரவரி மாதம். ஒஸ்லோ நகரம் இங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். என்னை அழைத்துப்போக வந்திருந்த சிவராசாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருடைய கையெழுத்தை மட்டும் பதினோரு ஆண்டுகளாக அறிவேன். மதுரையில் நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழுக்கு மாதம் ஒரு கடிதமாவது எழுதுவார். பாராட்டு இருக்காது. நான்காம் பக்கம், மூன்றாம் பத்தி, எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்கிற வகைக் கடிதங்கள். ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினேன். பத்து நாள் வந்து தங்கும்படி பதில் வந்தது. எனக்கு ஐந்து நாள்தான் வாய்த்தது.

"டிக்கெட் எங்க சார் எடுக்கணும்?" என்றேன்.

"பயணச்சீட்டு எடுத்தாச்சு. பத்திரிகைக்காரர் நீங்களே டிக்கெட் எண்டு சொன்னால் மற்றவையை நான் என்ன சொல்லுறது?" என்றார். சிரிக்கவில்லை. என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நகர நடுவில் இறங்கி, ஐந்தாம் எண் சுரங்க ரயிலுக்கு மாறினோம். ஒரு வழிப் பயணம் நாற்பது குரோணருக்கு மேல். நம் பணத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் கிட்ட. ரயில் சிறிது நேரத்தில் தரைக்கு மேலே வந்தது. பனி மூடிய சரிவுகளில் உயரமான குடியிருப்புகள். அம்மருட் நிலையத்திலிருந்து அவர் வீடு ஆறு நிமிட நடை, ஒன்பதாவது மாடி. சிவராசாவுக்கு அறுபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இளைஞராக வந்து, வடக்கே ஒரு மீன் ஆலையில் சில ஆண்டுகள் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவில் பேருந்துப் பணிமனையில் சேர்ந்தவர்.

இரவு உணவுக்கு அவர் மனைவி மங்களா புட்டும் மீன் குழம்பும் வைத்தார். கடிதங்களில் சிவராசா அடிக்கடி குறிப்பிட்ட ஒன்றைப் பற்றி, பேச்சைத் தொடங்குவதற்காக, நான் கேட்டுவிட்டேன்.

"நீங்க நடத்துற தமிழ் வகுப்பு எப்படிப் போகுது?"

சிவராசா தட்டைப் பார்த்தார். "இப்ப நான் நடத்தேல்லை. புதுத் தலைவர் நடத்துறா. நல்லாத்தான் போகுமெண்டு நினைக்கிறன்."

"அண்ணா, புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ," என்றார் மங்களா.

சனிக்கிழமை, காலை 10.00. மங்களாவோடு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். ரயிலில் சில நிறுத்தங்கள்தான். அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சனிக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. வாசலில் நனைந்த காலணிகள் நீள வரிசையாக இருந்தன. வழிநடத்தும் குழுவின் தலைவர் என்று அறிமுகமான பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. பெயர் ஆரணி. சிவராசா, மங்களாவின் ஒரே மகள். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். ஞாயிறுகளில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி.

நடந்ததை ஆரணியே சொன்னார். பதினேழு ஆண்டுகள் சிவராசா தலைவராக இருந்தார். வகுப்பறைக்குள் நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் வந்தாலும் பிள்ளை வெளியே நிற்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விளங்காததை விளக்குவதற்கு மட்டுமாவது நோர்வேஜிய மொழியை அனுமதிக்கலாம் என்று ஆரணி மூன்று கூட்டங்களில் கேட்டார். மூன்று முறையும் தலைவர் மறுத்தார். கடந்த ஆண்டு நடந்த ஆண்டுக்கூட்டத்தில் ஆரணி எழுந்து நின்று, தலைவர் பதவிக்குத் தன் பெயரைத் தானே முன்மொழிந்தார்.

"இரண்டு பேர் நிண்டால் ரகசிய வாக்கெடுப்பு எண்டு விதி இருக்கு மாமா. அந்த விதியை எழுதினது அப்பாதான். வாக்கை எண்ணினதும் அப்பாதான். எனக்கு முப்பத்தொரு வாக்கு, அவருக்குப் பத்தொன்பது. திருப்பி ஒருக்கா எண்ணினவர். பிறகு எழும்பி வாசிச்சவர், ‘ஆரணி சிவராசா தலைவராகத் தெரிவு செய்யப்பட்டுள்ளார்’ எண்டு. அறிக்கைப் புத்தகத்திலையும் எழுதினவர், ஒரு பிழை இல்லை. கதவுகளின்ரை திறப்புக் கோர்வையை என்ரை கையிலை தந்திட்டு வீட்டை போனவர். பதின்மூண்டு மாசம். ஒரு சொல் கதைக்கேல்லை."

கடைசி அறையில் ஒன்பதாம் வகுப்பு. ஆறு பிள்ளைகள் தாமாகவே புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் அவர்களுக்கு இறுதித் தேர்வு. அந்த வகுப்பை எடுக்கக்கூடியவர் சிவராசா ஒருவர்தான். அவர் அழைக்காமல் வர மாட்டார். ஆரணி அழைத்தால், தோற்கடித்துவிட்டு வேலைக்குக் கூப்பிடுவதாக அவர் நினைப்பார் என்று ஆரணிக்குப் பயம்.

"நாளைக்கு மியூசியத்திலை எங்கட ஆக்களுக்கெண்டு தமிழிலை சுத்திக் காட்டுறன். கிரேக்க, ரோமக் கடவுளர். முதல் தரம் தமிழிலை. அவரிட்டைச் சொல்லிப் பாருங்கோ மாமா," என்றார். சொல்லிவிட்டு, "வேண்டாம், சொல்லாதேங்கோ," என்றும் சொன்னார்.

சொன்னேன். மாலையில் சிவராசா செய்தித்தாளை மடித்து வைத்தார். "அம்மணமான கல்லுச் சாமியளைப் பாக்க எனக்கு நேரமில்லைத் தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12.10. மங்களாவும் நானும் ரயிலில். நேஷனல்தியேட்டர் நிலையம் வரை இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். எதிர் இருக்கையில் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஒரு குடும்பம். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று மங்களாவிடம் கேட்டேன். தொழில் பழக்கம்.

"அதை ரெண்டு பேரும் இன்னும் என்னட்டைக் கேக்கேல்லை அண்ணா. கேட்டிடுவினமோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் பயம்." கையுறையைக் கழற்றினார். "இவர் மட்டும் என்ன? முந்தியிருந்த தலைவரைப் பதவியாலை எழுப்பிப்போட்டுத்தான் இவர் இருந்தவர். அந்த ஆளுக்கு அப்ப இவற்றை இப்பத்தை வயசுதான். அந்த மனிசன் பிறகு தூர ஸ்தவாங்கர் நகரத்துக்குப் போட்டுது. இந்தப் பக்கம் வரவே இல்லை. இவர் ஒரு கடிதம் கூடப் போடேல்லை. ஊர்ப் பேப்பருக்கெல்லாம் போடுவார்."

1.00 மணி. பெரியவர்களுக்கு நுழைவுச்சீட்டு இருநூறு குரோணர், சிறுவர்களுக்கு இலவசம். முப்பது பேர் சேர்ந்திருந்தோம். குளிருக்கான மேலங்கிகளைக் கழற்றிக் கொக்கிகளில் மாட்டிவிட்டு, பட்டுச்சேலையும் கம்பளிக் காலுறையுமாக நின்ற பெண்கள் சிலர். சாமி பார்க்கப் போகிறோம் என்றுதான் அவர்கள் வந்திருக்கிறார்கள். பாக்கியம் என்ற அறுபது வயதுப் பெண் கூடத்தின் வாசலில் காலணியைக் கழற்றத் தொடங்கினார். "இது கோயில் இல்லை அன்ரி, போட்டுக்கொண்டு வாங்கோ," என்றார் ஆரணி.

உள்ளே வெள்ளைச் சிலைகள், பெரும்பாலும் மூலச் சிற்பங்களிலிருந்து எடுத்த வார்ப்புகள். ஆரணி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலில் வெறும் வெளி. அதிலிருந்து பூமி. பூமியே வானத்தைப் பெற்றாள், அவனையே மணந்தாள். பிறந்த பிள்ளைகளைப் பிடிக்காமல் வானம் அவர்களைப் பூமிக்குள்ளேயே திணித்தான். வலி பொறுக்காத தாய் ஓர் அரிவாளைச் செய்து கடைசி மகனிடம் கொடுத்தாள். மகன் தகப்பனை வீழ்த்தினான். அவன் பெயர் குரோனொஸ்.

"தாய்தான் அரிவாளைக் குடுத்தவவோ?" என்றார் பாக்கியம், மங்களாவைப் பார்த்து. மங்களா கைப்பையைச் சரிசெய்தார்.

ஒரு புடைப்புச் சிற்பத்தின் முன் நின்றோம். தலையில் முக்காடிட்ட தாடிக்காரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு பெண் துணியில் சுற்றிய எதையோ நீட்டுகிறாள். உன் பிள்ளை உன்னை வீழ்த்துவான் என்று குரோனொஸுக்கும் சொல்லப்பட்டிருந்தது. எனவே பிறந்த ஒவ்வொன்றையும் விழுங்கினான். கடைசிப் பிள்ளையை ஒளித்துவிட்டு, மனைவி ஒரு கல்லைச் சுற்றிக் கொடுத்தாள் என்று விளக்கினார் ஆரணி.

"பாக்காமலே விழுங்கினவரோ?" என்று ஒன்பதாம் வகுப்பு நிலா கேட்டாள்.

"பாக்கேல்லை. பயத்திலை விழுங்குற ஆக்கள் பாக்கிறேல்லை." ஆரணி தொடர்ந்தார். "இவரை ரோமர் சதுர்ன் எண்டு சொன்னவை. அந்தப் பேரிலை ஒரு கிரகம் இருக்கு. நாங்கள் சனி எண்டுறது அந்தக் கிரகத்தைத்தான்."

அப்போதுதான் அது நடந்தது. பாக்கியம் சட்டென்று இரண்டடி இடப்பக்கம் விலகினார். பின்னால் நின்ற பெண்கள் விலகினார்கள். ஆண்களும், எதற்கு என்று கேட்காமலே, விலகினார்கள். பத்து விநாடிக்குள் முப்பது பேரும் சுவரோரம் நெருக்கியடித்துப் பக்கவாட்டில் நின்றோம், நானும்தான். சனி பகவானுக்கு நேரே நிற்கக் கூடாது, பார்வை விழும் என்பது கோயில் பழக்கம். நவக்கிரகத்தைச் சுற்றும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காவல் பணியிலிருந்த நோர்வேஜியப் பெண் ஓடிவந்து ஏதோ கேட்டார். ஆரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார். அதைக் கேட்ட அந்தப் பெண் சிற்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தானும் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டார்.

சிற்பத்துக்கு எதிரே இடம் வெறுமையானது. ஆகவே கூடத்தின் வாசல் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே சிவராசா நின்றிருந்தார். அடுத்த ரயிலில் வந்திருக்க வேண்டும். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மெதுவாக உள்ளே வந்து, சனிக்கு நேர் எதிரே, சரி நடுவில் நின்றார்.

"அண்ணை, தள்ளி நில்லுங்கோ," என்றார் பாக்கியம்.

"இருக்கட்டும். எனக்கு ஏழரை முடிஞ்சுதோ இல்லையோ தெரியாது. இனி என்ன பார்வை," என்றார் சிவராசா.

ஆரணி கையிலிருந்த தாளைப் புரட்டினார். கதையைத் தொடர்ந்தார். ஒளித்து வளர்த்த மகன் வளர்ந்து வந்து தகப்பன் விழுங்கியதையெல்லாம் கக்க வைத்தான், பத்து ஆண்டு யுத்தம், மகன் வென்றான். அங்கே நிறுத்தினார். தாளைப் பார்த்தார். மடித்துக் கொண்டார்.

சிவராசா கையை உயர்த்தினார். கூட்டங்களில் அனுமதி கேட்பவர் உயர்த்துவது போல, முழங்கை மடிக்காமல்.

"தலைவருக்கு ஒரு கேள்வி."

"கேளுங்கோ," என்றார் ஆரணி.

"தோத்த தகப்பன் பிறகு என்ன செய்தவர்?"

"ரோமர் ஒரு கதை சொல்லுவினம். அவர் கப்பலேறி இன்னொரு நாட்டுக்குப் போனவர். ஒண்டுமில்லாமல், அகதியா. அந்த நாட்டு ராசா அவரை மரியாதையா ஏற்று, பக்கத்திலை இருத்தினவர். இவர் அந்தச் சனத்துக்கு விதைக்க, வெட்டப் படிப்பிச்சவர். அந்தக் காலத்தைத்தான் பொற்காலம் எண்டவை."

"படிப்பிச்சவரோ."

"ஓம். படிப்பிச்சவர்."

சிவராசா தலையசைத்தார். கை இன்னும் இறங்கவில்லை. "வேறு விடயத்திலை ஒண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியர் இடம் வெறுமையா இருக்கெண்டு கேள்விப்பட்டன். விண்ணப்பிக்கக் கடைசித் திகதி என்ன?"

"அது ஓகஸ்டோடை முடிஞ்சுது." நிலாவைப் பார்த்தார். "குழு நினைச்சால் நீட்டலாம்."

"வகுப்பிலை நோர்வேஜிய மொழி கதைக்க வேணுமோ?"

"விளங்கப்படுத்த மட்டும்."

"அந்த ‘மட்டும்’ எண்டதை எழுத்திலை தருவியளோ?"

"தருவன்."

"அப்ப சரி," என்று கையை இறக்கினார். "மேலே சொல்லுங்கோ." நிலாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் மெல்ல நகர்ந்து அவரைச் சுற்றி, சனிக்கு நேர் எதிரே வந்து நின்றார்கள். மங்களா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முழுவதும் சிவராசா ஒரு விண்ணப்பம் எழுதினார். மூன்று வரி. என்னிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக எனக்கு அந்த வாய்ப்பு. பிழை எதுவும் இல்லை.

நம் ஊரில் சங்கத் தேர்தலில் தோற்றவர் மறு வாரமே வேறொரு சங்கம் தொடங்குவார். அதன் திறப்பு விழாச் செய்திகளை நானே எத்தனையோ திருத்தியிருக்கிறேன். இங்கே ஒரு மனிதர் தான் எழுதிய விதியால் தோற்று, அதே விதியின் கீழ் மூன்று வரி எழுதி உள்ளே வருகிறார். எது கடினம் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, காலை 7.20. விமான நிலைய ரயிலில் ஆரணி கூட வந்தார். வெளியே இன்னும் முழுதாக விடியவில்லை. கிரேக்கர்களும் அந்தக் கப்பல் கதையைத்தான் சொன்னார்களா என்று கேட்டேன்.

"இல்லை மாமா. கிரேக்கக் கதையிலை மகன் அவரைப் பாதாளத்துக்குள்ளை போட்டுப் பூட்டிறான். வெண்கலக் கதவு. நான் எழுதி வைச்சிருந்தது அதைத்தான்."

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது.

"தாளிலை அந்த இடம் வரேக்கை அப்பா எனக்கு முன்னாலை நிண்டவர். இரண்டு கதையும் உண்மையாத்தான் இருக்கு. எதைச் சொல்லுறதெண்டது தலைவற்றை கையிலை."