சம்பந்திக்காகத் தெளிய வைத்த பீர்

மகள் ஜெர்மனியில் கல்யாணம் செய்துகொண்ட இரண்டாம் வருஷம், மாப்பிள்ளையின் அப்பா எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். ஜெர்மன்காரர், மனைவியை இழந்தவர், தச்சுவேலை செய்து ஓய்வுபெற்றவர். கீழ்வேளூரில் அவருக்கு என்ன கொடுத்து உபசரிப்பது? நான் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். வீட்டிலேயே பீர் காய்ச்சிவிடலாம் என்று தோன்றியது.

"ஊருக்குத் தெரிஞ்சா என்னங்க நினைப்பாங்க?" என்றாள் மனைவி. ஆனாலும் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தாள்.

மால்ட்டும் ஈஸ்ட்டும் ஆன்லைனில் வந்தன. முதல் தடவை காய்ச்சியது புளித்து, நுரைத்து, அடங்கியது. டம்ளரில் ஊற்றினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அடுத்த தடவை ஜெலட்டின் கரைத்து ஊற்றி, ஃபிரிட்ஜில் ஐந்து நாள் அசையாமல் வைத்தேன். மாவுக்கு இடமில்லாததால் அந்த வாரம் இட்லி இல்லை. வண்டல் அடியில் தங்கியது. மேலே நின்றதைக் குழாய் வைத்து மெல்ல இறுத்தேன். டம்ளருக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சம்பந்தி என் மகளோடு வந்து இறங்கிய அன்று சாயங்காலம் தெளிந்த பாட்டிலை எடுத்து வைத்தேன். அவர் ஃபிரிட்ஜ் கதவில் கிடந்த முதல் தடவைக் கலங்கல் பாட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அது சரியா வரலைன்னு சொல்லும்மா."

மகள் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்காமல் அந்தப் பாட்டிலையே எடுத்தார். மேஜைமேல் படுக்கவைத்து உருட்டி, அடிவண்டலையும் கலக்கி ஊற்றிக்கொண்டார்.

"அவங்க ஊர்ல இப்படித்தான் குடிப்பாங்களாம்ப்பா. அத்தை இருந்தப்ப வீட்லயே காய்ச்சுவாங்களாம்."

முதல் வாய்க்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு டம்ளர் குடித்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவருடைய கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே வலித்தது.

"மாமாவுக்கு யூரிக் ஆசிட் இருக்குப்பா. டாக்டர் பீரே கூடாதுன்னுட்டார். ரெண்டு வருஷமா தொடல."

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"நீங்க பட்ட பாட்டையெல்லாம் ஃபோன்ல சொல்லியிருந்தீங்களே, அதை மாமாகிட்ட சொன்னேன். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டார்."

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வண்டலோடு குடித்தது இன்னும் கெடுதல் என்றார். எனக்குச் சம்பந்தி முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் பேசினார்.

"அந்த ரெண்டு டம்ளருக்கு இந்த வலி பரவாயில்லையாம்ப்பா."

நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் போவதாக இருந்ததைக் கைவிட்டோம். மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்வயலில் நடவு மெஷின் போவதையும் வருவதையும் பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு திருப்புளி வாங்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே எங்கள் அலமாரிக் கதவைச் சரிசெய்தார். நான் திருகாணி எடுத்துக் கொடுத்தேன். பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. ஷூவுக்குள் கால் நுழையவில்லை. என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகால் வெளியே நிற்க, வாய்க்கால் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.