கண்ணாடிக்காரர் வீட்டுத் தவளை

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி ஜன்னல் துடைக்கிறவர் அவர். கண்ணாடியில் லேசாக மூச்சுப் பட்ட தடம் தெரிந்தாலும் கை குறுகுறுக்கும். முப்பது வருஷப் பழக்கம், சும்மா விடுமா? அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில் போய், வேலைக்காக வெளியூர் கிளம்பிய மகள் தன் கண்ணாடித் தொட்டியைக் கட்டிவிட்டுப் போனாள்.

அடியில் கூழாங்கல், அதன்மேல் வலை, கரி கலந்த மண், பாசி, இரண்டு பெரணிச் செடி, சாய்த்து வைத்த மரப்பட்டை. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைத் தவளை. இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்து, பூச்சி போட்டால் போதும், நான் வரும்வரை உயிரோடு வைத்திருங்கள் என்று இரண்டு முறை சொன்னாள்.

தண்ணீர் தெளித்தால் கண்ணாடி வேர்க்காதா? வேர்த்தது. இவரா பார்த்துக்கொண்டு இருப்பார்? வேலையிடத்தில் கண்ணாடி துடைக்கிற சோப்புத் திரவத்தில் ஒரு பாட்டிலைத் தொட்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் உள்ளும் புறமும் பளபளவென்று துடைத்தார். ஓரத்துப் பாசி மஞ்சளித்தபோது வெயிலைத் திட்டினார். பிறகு பாசி தானாகவே பச்சை பிடித்தது. தன் கைராசி என்று மகளிடம் ஃபோனில் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம், மகள் விடுமுறைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது, தவளை கண்ணில் படவில்லை. ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் இல்லை. தவளை விற்ற கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். உள்ளே சோப்புத் தண்ணி ஏதாவது பட்டதா, அது தோல் வழியாகத் தண்ணீர் குடிக்கிற உயிராச்சே என்றார் அவர். இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கொன்னுட்டேன். பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார் மனைவியிடம்.

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். "பாசி மஞ்சளிச்ச அன்னைக்கே அந்த மருந்தைக் கொட்டிட்டேன். ரெண்டு மாசத்துக்கு மேல அந்த பாட்டில்ல வெறும் தண்ணிதான்."

முப்பது வருஷம் அந்த வாடையிலேயே கிடந்த மூக்கு. வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவ போனதுலேர்ந்து அந்தத் தொட்டிகிட்ட நிக்கும்போதுதான் உங்க முகம் தெளிவா இருந்துச்சு. அதைப் போய் கெடுப்பேனா?"

சொல்லிக்கொண்டே மரப்பட்டையை மெல்லத் தூக்கினாள். ஈர மண்ணில் பாதி புதைந்து, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது தவளை. தூக்கத்தைக் கலைத்துவிட்டார்களே என்று இருவரையும் முறைத்தது.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருந்ததால ஒரு உயிர் பொழைச்சுது" என்றார். தவளையை அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்தார். கண்ணாடி வேர்த்தது. துணியோடு கை தானாக எழுந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் மட்டும்" என்றாள் அவள்.