கேமராவின் நெற்றி

சிங்கப்பூர் தேக்காவில் மனைவியின் தையல்கடையில் மலிவான கேமரா ஒன்றை மாட்டியிருக்கிறேன். ஆபீசிலிருந்து போனில் பார்ப்பேன். மதியமானால் அவள் அதைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கைஜாடையில் கேட்பாள்.

இன்று காலை திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கடையில் தீயோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு ஆயுத பூஜைங்க. தையல் மெஷின், கத்தரிக்கோல் எல்லாத்துக்கும் குங்குமம் வெச்சேன். கேமராவும் பாவம், உழைக்குதுல்ல?"

"அதுக்குக் கண்ணுலயா வைப்பே?"

"வேற நெத்தி எங்க இருக்கு, சொல்லுங்க."

"சரி, தொடச்சிடு லா."

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்குத்தான்."

ஆக, கேமராவுக்கு இன்று லீவு. சாப்பிட்டேனா என்று கேட்க மதியம் அவளே போன் செய்தாள்.

கேமராவுக்கு நெற்றி எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வருஷத்துக்கு உதவும்.